சொந்த விருப்பத்தின் பேரில்

ஊ சான் பே காலமான செய்தி எங்கள் கட்டடத்தின் கீழே இருக்கும் மளிகைக் கடைத் தொலைபேசிக்கு வந்தது. கடைக்காரர் மூன்று மாடி ஏற அலுப்புப்பட்டுத் தெருவில் நின்றே பர்மிய மொழியில் குரல் கொடுத்தார்: "கோ சேவியர், அந்த டாலாக்கார சயா போயிட்டாராம். மக பேசினா." மழை பெய்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஒரு தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் இறந்த செய்தி எங்கள் பசுந்தாங் பேட்டையில் இந்த லட்சணத்தில்தான் அறிவிக்கப்பட்டது.

உறுப்பினர் என்று எழுதலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். தொண்ணூறில் நடந்த தேர்தலில் அவர் வென்றார். அந்த நாடாளுமன்றத்தை ராணுவம் ஒருநாளும் கூடவிடவில்லை. அடுத்த வருடம் அந்தப் பதவியையும் வேண்டாமென்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்தார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். லத்தா பேட்டையில் கடை வைத்திருக்கும் தமிழர்களும் சரி, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வாசலில் நின்று பேசுபவர்களும் சரி, "நம்ம ரத்தத்துல ஒருத்தன் ஜெயிச்சான், அவனும் வித்துட்டுப் போயிட்டான்" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறீர்கள். அவர் ஏன் எழுதிக் கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை டைப் செய்தவன் நான்.

என் தொழில் மனு டைப் செய்வது. நீதிமன்றத்துக்கு எதிர் நடைபாதையில் மேசை போட்டு, பர்மிய எழுத்துப் பொறியில் ஊராருடைய குறைகளை அதிகாரிகளுக்கு ஏற்ற மாதிரி அடித்துக் கொடுப்பேன். இந்தத் தொழிலில் ஒரே ஒரு சூட்சுமம்தான் உண்டு. படிக்கிற அதிகாரியின் புருவம் உயரக்கூடாது. வந்தவன் "அநியாயம்" என்பான், நான் "சிரமம்" என்று அடிப்பேன். "ஏமாற்றினார்கள்" என்பான், "தவறுதலாக விடுபட்டது" என்று அடிப்பேன். என் அப்பாவும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக் குமாஸ்தாவாக இருந்தவர்தான். இந்தச் சாமர்த்தியம் எங்கள் வீட்டுச் சொத்து என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு.

ஊ சான் பேவுக்கு வீட்டில் சண்முகம் என்று பெயர்; ஊரில் எல்லோருக்கும் அவர் சயா, அதாவது வாத்தியார் ஐயா. அம்மா பர்மியர். அப்பா தமிழர்; அந்த வழியில் தாத்தாவே இங்கே பிறந்தவர். ஆற்றுக்கு அக்கரையில், டாலாவுக்குத் தெற்கே நெல்வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் பகுதியில் அவர் நில அளவையாளராக இருந்தார். வரப்புத் தகராறு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அளவுச் சங்கிலியை அவர் தன் ஆட்களிடம் கொடுக்க மாட்டார். ஒரு முனையைத் தகராறு செய்யும் ஒருவர் பிடிக்க வேண்டும், மறுமுனையை மற்றவர் பிடிக்க வேண்டும். இருவரும் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நடக்க வேண்டும். "நான் அளந்தா என்னைத் திட்டுவாங்க. அவங்களே அளந்தா யாரைத் திட்டுறது?" என்று சிரிப்பார். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் பல வருடம் கழித்து ஒருவரோடொருவர் பேசியது அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் என்று சொல்வார்கள்.

எண்பத்தெட்டில் அரசாங்கத்துக்கு எதிராக நகரம் கொதித்தபோது அந்தப் பக்கத்திலும் அரசாங்கம் வைத்த கிராமத் தலைவர்கள் ஓடி ஒளிந்தார்கள். ஓட முடியாத ஒரு வயதான தலைவரைக் கூட்டம் மடக்கியது. சயா அவரைத் தன் வீட்டுக்குள் தள்ளிவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். "இவர் செஞ்சதை எல்லாம் எழுதிக் குடுங்க. நானே கொண்டுபோய்க் குடுக்குறேன். அடிக்கணும்னா முதல்ல என்னை அடிங்க, நான் கொஞ்சம் இளசு" என்றாராம். அரசாங்கத்து ஆள் என்று அவரைத் திட்டிவிட்டுக் கூட்டம் போனது. சில வாரம் கழித்துச் சிப்பாய்கள் வந்து அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் பெயரைக் கேட்டார்கள். ஒரு பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கலகக்காரர்களின் ஆள் என்று அவர்களும் குறித்துக்கொண்டு போனார்கள். ஒரே வருடத்தில் இரண்டு பக்கத்திலும் கெட்ட பெயர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

தேர்தலில் சுயேச்சையாக நின்றார். ஆற்றோரத்து வடக்குக் கிராமங்கள் மாற்றம் வேண்டும் என்றன. தெற்கே நெல் விளையும் கிராமங்களில் பழைய தலைவர்களின் பிடி விடவில்லை. வடக்கே பேச வந்தவர்கள் தெற்கைத் திட்டினார்கள், தெற்கே பேச வந்தவர்கள் வடக்கைத் திட்டினார்கள். சயா இரண்டு பக்கமும் போய் ஒரே பேச்சைப் பேசினார். வேறு எந்த வேட்பாளரும் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ஆனாலும் வென்றார். வென்ற வித்தியாசத்தை ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பந்தியில் உட்காரவைத்துவிடலாம், அவ்வளவுதான்.

நாடாளுமன்றத்துக்குக் கதவு திறக்கவில்லை. அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை தோறும் டாலா படகுத்துறைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். நான் எழுத்துப் பொறியைத் தூக்கிக்கொண்டு இக்கரையிலிருந்து படகேறிப் போவேன். வாய்க்கால் தூர்ந்தது, பிரசவத்துக்குத் தாதி வருவதில்லை, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று ஆட்கள் வருவார்கள். தனக்கு ஓட்டுப் போட்டவனா என்று அவர் கேட்டதே இல்லை. நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "சேவியர், மழை பெய்யுறப்ப ஓட்டுச் சீட்டைப் பாத்தா பெய்யுது? கூரையை அடி" என்றார். நானும் கூரையை அடித்தேன். "கூரையில் சிறு சிரமம் காணப்படுகிறது" என்று.

வந்த மனுக்களில் பத்தில் ஒன்றுதான் பலித்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்கு அவருக்கு உற்சாகம் வந்துவிடும். பேசினால் வழி உண்டு என்று அவர் உண்மையாகவே நம்பினார். இந்த நாட்டில் அப்படி நம்புவது ஒரு வியாதி.

இதற்கிடையில் ராணுவத்தார் வென்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். சயாவை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் மரியாதையாக மறுத்துவிட்டு வந்தார். "நான் எழுதிக் குடுத்துட்டா, எனக்கு ஓட்டுப் போட்டவங்க போட்டதே தப்புன்னு ஆயிடும்" என்றார். அந்தப் பட்டத்தால் அவருக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. ஆனால் எழுதிக் கொடுப்பதற்கு அது தன்னுடையது இல்லை என்று நினைத்தார்.

அந்த அறுவடையில் அரசாங்கத்துக்குக் கட்டாயமாக விற்க வேண்டிய நெல்லை எடை போடும் இடத்தில் தகராறு வந்தது. தராசு சரியில்லை என்று சொன்ன நான்கு விவசாயிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் ஊ பா லின். தேர்தலில் சயாவுக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், "கலாவுக்கு ஓட்டுப் போடாதே" என்று, இந்திய வம்சத்தாரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லால் சயாவின் அப்பா வழியைச் சுட்டிக் கத்தியவர். அவருடைய மனைவி மூன்று சனிக்கிழமை வந்து தேநீர்க் கடைக்கு வெளியே நின்றுவிட்டுப் போனாள். நான்காவது சனிக்கிழமை சயா எழுந்துபோய் அவளை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தார். அந்த வாரமே டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த மேஜரைப் பார்த்தார். மேஜர் சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் எழுதிக் கொடுங்கள், நான்கு பேரும் ஒரு வாரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்றார்.

மறுநாள் பருவம் தப்பிய மழையில் நனைந்துகொண்டு சயா என் மேசைக்கு வந்தார். வாசகத்தை ஒரு தாளில் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஐந்து வரிகள். மூன்றாவது வரியில் அந்த நான்கு பேரின் பெயரும் இருந்தது. அவர்கள் வீடு திரும்புவார்கள் என்று தரப்பட்ட வாக்கை ஏற்று என் உறுப்பினர் பதவியை விடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

நான் படித்துவிட்டு, "இந்த வரி வேணாம் சயா" என்றேன்.

"ஏன்?"

"பேரம் பேசின மாதிரி இருக்கு. மேஜருக்குக் கோவம் வந்துட்டா, கடுதாசியையும் வாங்கிக்கிட்டு அவங்களையும் விடாம போயிடுவாங்க. 'சொந்த விருப்பத்தின் பேரில்'னு போட்டுக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

அவர் தாளை வாங்கி இன்னொரு தரம் படித்தார். பிறகு, "அந்த வரி இருந்தா ஜனங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்" என்றார்.

"வெளிய வந்தப்புறம் வாயால சொல்லிக்கலாமே."

"வாயால நான் சொல்ல மாட்டேன் சேவியர். சொன்னா அவங்க நாலு பேரும் என் முன்னாடி கூனிக் குறுகி நிக்க வேண்டி வரும். பா லினுக்கு அது ஜெயிலை விட மோசம். காகிதத்துல இருந்தா அதுபாட்டுக்கு இருக்கும், யாரும் யாரையும் பாக்க வேண்டாம்."

இவ்வளவு சொன்னார். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நான் தலையாட்டிவிட்டு, ஆனாலும் வேண்டாம் சயா என்றேன். மனுவில் எது இருக்கலாம் எது இருக்கக்கூடாது என்பதில் நான்தான் நிபுணன் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். அந்த வரியை எடுத்துவிட்டுச் சுத்தமாக அடித்துக் கொடுத்தேன்.

கடிதத்தைக் கொடுக்க நானும் கூடப் போனேன். மேஜர் படித்தார். ஒருமுறை சிரித்தார். "ரொம்பச் சுத்தமா எழுதியிருக்கீங்க. போன வாரம் ஒருத்தர் அவர் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லைன்னு அரைப் பக்கம் எழுதினார். இன்னொருத்தர் எங்களைத் திட்டியே எழுதினார். வாங்கிக்கிட்டோம். மேல இருக்கவங்க கையெழுத்தை மட்டும்தான் பாப்பாங்க" என்றார். சயா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகுத்துறை வரை கூட வந்தபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்தப் பத்தொன்பது வருடம் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான்கு பேரும் சொன்னபடி வீடு வந்தார்கள். அதே வாரம் கடிதத்தின் நகலை டவுன்ஷிப் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அந்த வரி இருந்திருந்தால் ஒட்டியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஒட்டாமல் போயிருந்தாலும் சயாவின் கையில் ஒரு நகல் இருந்திருக்கும். இப்போது ஊரே கூடி நின்று படித்தது சொந்த விருப்பத்தைப் பற்றித்தான்.

அடுத்த சனிக்கிழமை பெஞ்சுக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வடக்குக் கிராமத்துப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி, எத்தனைக்கு விலை போனது என்று பேசிக்கொண்டார்கள். சயா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு என்னிடம், "ஓட்டுப் போட்டவங்க திட்டலாம், அவங்களுக்கு உரிமை இருக்கு. போடாதவங்களும் வந்து திட்டுறாங்க பாரு, அதுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஊ பா லினும் ஒருநாள் அந்த வழியாகப் போனார். எங்களைப் பார்த்தார். பார்க்காத மாதிரி படகுத்துறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறாவது சனிக்கிழமை கடைக்காரர் அந்தப் பெஞ்சில் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்.

வரப்பு அளக்கவும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். விலைபோன ஆள் கொண்டுவந்த சங்கிலியில் யாருக்கு நம்பிக்கை வரும்? மகளோடு பசுந்தாங்குக்குக் குடிவந்தார். ஓடைப் பக்கம் ஒரு பட்டறையில் சரக்கு எடுப்பவர்களின் பெயரெழுதும் வேலை பார்த்தார். நான் வாரம் ஒருமுறை போவேன். மொஹிங்கா சாப்பிடுவோம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசுவோம். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒருமுறைதான் நான் ஆரம்பித்தேன். ஊருக்குப் போய் நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொன்னா அந்த நாலு பேரையும் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. உன்னையும் விசாரிப்பாங்க. விட்டுடு" என்றார். என்னையும் என்று அவர் சொன்னதும் நான் விட்டுவிட்டேன். நான்கு பேருக்காக விட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. இந்த வருடம் மறுபடியும் தேர்தல் என்று பேச்சு நடக்கிறதல்லவா, அதில் நிற்கப்போகும் ஒருவர் மலர்வளையம் அனுப்பியிருந்தார். சயாவை உயிரோடு இருந்தபோது ஏறெடுத்துப் பார்க்காதவர். நாடாவில் தன் பெயரைப் பெரிதாகவும் சயாவின் பெயரைச் சிறிதாகவும் போட்டிருந்தார். எரியூட்டும் இடத்தில் ஊழியர் அதை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று கேட்டார். வெளியே வையுங்கள், மழையில் நனையட்டும் என்றேன்.

ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவளித்து முடிந்தபின், மகள் மா சூ என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். அவள் எப்போதும் பர்மிய மொழிதான் பேசுவாள். அன்று தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினாள், அப்பாவை மட்டும் பர்மிய வழக்கில் 'அப்பே' என்றாள்.

"அங்கிள், தமிழ்ல கேக்குறேன். உள்ள இருக்கவங்களுக்குத் தெரியக் கூடாது. அப்பே பத்தி ஊர்ல சொல்றது... நெசமா?"

பத்தொன்பது வருடம் அவர் தன் மகளுக்குக்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவளும் கேட்காமல், பாதி நம்பிக்கொண்டு, அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது வரியையும் சொன்னேன். அவள் அழவில்லை. "நீங்க வாரம் வாரம் வந்தீங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாள் படகேறி அக்கரைக்குப் போனேன். துறையில் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, அதற்கப்பால் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு, மீதி தூரம் வரப்பில் நடந்து ஊ பா லின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கிழவர் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். சயா போய்விட்டார் என்றேன். கேள்விப்பட்டேன் என்றார். போகும் வழியெல்லாம் மனத்துக்குள் அடித்துத் திருத்தி வைத்திருந்ததை நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"வெளிய விட்ட அன்னிக்கே சிறை அதிகாரி சொன்னான். உங்க எம்.பி. தன் பட்டத்தைக் கொடுத்து உங்களை மீட்டிருக்காரு, போய்க் கும்பிடுங்கன்னு சொல்லிச் சிரிச்சான். நாலு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரு செத்துட்டாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சும் அவரைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனீங்களே. ஊர் அவரை என்ன சொல்லிச்சுன்னு காதுல விழலையா? ஒரு வார்த்தை ஏன் சொல்லலை?"

ஊ பா லின் வலையை மடியில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "எனக்கு அப்ப மூணு பிள்ளைங்க. திரும்ப உள்ள போறதுக்கு பயம். சயா முகத்தைப் பாத்தா சொல்லிடுவேனோன்னு பயம். அதான் திரும்பிக்கிட்டேன்." பிறகு கேட்டார்: "நீங்க ஏன் சொல்லலை?"

நான் அவர் கொடுத்த வெந்நீரைக் குடித்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

இதைப் பர்மிய மொழியில் எழுதியிருந்தால் அந்தத் தொகுதியில் படிப்பார்கள். அந்த மொழியில் எழுதுவதுதான் என் பிழைப்பே. ஆனாலும் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் தமிழ் படிக்கத் தெரிந்த போலீஸ்காரர் இந்த நகரத்தில் அதிகம் இல்லை. என் தைரியம் இன்றைக்கும் இவ்வளவுதான் வருகிறது. படித்துவிட்டு, அக்கரையில் யாரையாவது தெரிந்தவர்கள் அவர்களிடம் வாயால் சொல்லுங்கள். நீங்களும் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில், மறைந்தவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது என்று ஒன்றைச் சொல்வது வழக்கம். அவருடைய நிதானத்தை எடுத்துக்கொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். என்னிடம் இருப்பது வேறு. சயா நிதானமாக இருந்தார், அதற்கான விலையை அவரே கொடுத்தார். நானும் இத்தனை வருடம் நிதானமாகத்தான் இருந்தேன். அதற்கும் அவர்தான் கொடுத்தார்.